மருந்தியலின் மூன்றாவது கேள்வி: ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமரை முன்வைத்து

1

“இந்த மாத்திரையைப் போட ஆரம்பிச்சதிலிருந்து தலை ஒரு மாதிரி கிறுகிறுங்குது டாக்டர்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டுட்டுப் போடுங்க, சரியாயிடும்.”

இந்த உரையாடலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து நாமே பேசியும் இருக்கிறோம். அந்த டாக்டர் பொல்லாதவர் இல்லை. வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் சொன்னது பல நேரங்களில் சரியாகவும் இருக்கும். ஆனாலும் அந்த ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆறுதல் போல ஒலிக்கிற அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கிறுகிறுப்பு யாருடைய தலைக்குள் நடக்கிறதோ அவருக்கு அதைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் கிடையாது. புத்தகத்தில் போட்டிருந்தால்தான் அது உண்டு என்று பொருள். இதுதான் அந்தத் தீர்ப்பு.

மருத்துவக் கல்லூரியில் மருந்தியலைத் தொடங்கும்போதே இரண்டு கேள்விகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மருந்து உடலை என்ன செய்கிறது? உடல் மருந்தை என்ன செய்கிறது? முதல் கேள்விக்கான பதில் நரம்பு முனைகள், ஏற்பிகள், நொதிகள் என்று விரியும். இரண்டாவதற்கான பதில் குடல் உறிஞ்சுவது, கல்லீரல் சிதைப்பது, சிறுநீரகம் வெளியேற்றுவது என்று போகும. இரண்டிலும் மருந்து இருக்கிறது, உடல் இருக்கிறது. மருந்தை முழுங்கின ஆள் எங்கே? ஆளைக் காணோம். அந்த ஆள் என்ன சொல்கிறார் என்பதை மூன்றாவது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாடத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வந்தவர்களில் ஒருவர், லண்டனில் மருந்தியல் ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர் (1925–2016). அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது இங்கே நோக்கமில்லை. மருந்து பற்றிய அறிவு யார் கையில் இருக்கிறது, யார் பேசினால் அது அறிவாகிறது என்கிற கேள்வியை அவர் நடந்து வந்த பாதையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான்.

2

ஹெர்க்ஸ்ஹைமர் பெர்லினில் பிறந்தவர். நாஜி ஆட்சி இறுகிக்கொண்டிருந்த 1938இல், சிறுவனாக, குடும்பத்தோடு லண்டன் வந்து சேர்ந்தார். சென்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். பிறகு லண்டனின் மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் ஆசிரியராகவே காலம் கழித்தார். கடைசியாகப் பணியாற்றியது சேரிங் கிராஸில்.

அவர் கற்பிக்க வந்த காலத்து மருந்தியல் ஆய்வுக்கூடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். கரிப்புகை படிந்த காகிதத்தைச் சுற்றிய உருளை ஒன்று மெல்லச் சுழலும். பக்கத்தில் ஒரு தவளையின் இதயமோ கினிப் பன்றியின் குடல் துண்டோ உப்புக் கரைசலில் உயிரோடு தொங்கும். ஒரு சொட்டு மருந்து விட்டால் குடல் சுருங்கும். அதோடு கட்டிய ஊசி கரியில் வெள்ளைக் கோடு இழுக்கும். இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு உயரக் கோடு. மிக நேர்த்தியான அறிவு அது, பல உயிர்களைக் காப்பாற்றிய அறிவும்கூட. ஆனால் குடல் துண்டு பேசாது. அதனால் வந்த வசதி, நாளடைவில் பழக்கமாகவும் ஆகிவிட்டது. பேசுகிற மனிதனிடம் வந்த பிறகும் கோட்டைத்தான் நம்பினோம், பேச்சை நம்பவில்லை.

அந்த ஆண்டுகளில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. போருக்குப் பிந்தைய மருந்துப் பெருக்கம். ஆன்டிபயாடிக்குகள், ஸ்டெராய்டுகள், மனநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள் என்று வந்து குவிந்தன. பத்து வருடம் முன்னால் படித்துவிட்டு வந்த டாக்டருக்கு இதில் பாதி தெரியாது. அப்போ யார் சொல்லிக் கொடுப்பது? மெடிக்கல் ரெப் சொல்லிக் கொடுத்தார். வழவழத்தாளில் கம்பெனி அச்சிட்ட விளம்பரம் சொல்லிக் கொடுத்தது. கல்லூரிக்கு வெளியே மருந்தியலுக்கு ஒரு இரண்டாவது பள்ளிக்கூடம் நடந்தது. அதன் வாத்தியார், மருந்தை விற்றவர்.

இந்தப் பள்ளிக்கூடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தாலிடோமைடு காட்டிக் கொடுத்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியிலும் 1958இல் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை. பிரிட்டனில் அதை விற்றது ஒரு சாராயக் கம்பெனியின் மருந்துப் பிரிவு. ஆபத்தே இல்லாதது என்று விளம்பரம். கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்துவிட்டன.

எல்லோருக்கும் தெரிந்த கதை. நமக்கு இங்கே வேண்டியது அதற்குள் இருக்கிற ஒரு சின்ன விஷயம். 1960 டிசம்பர் 31 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லெஸ்லி ஃப்ளோரன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கிராமப்புற டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். நீண்ட நாள் தாலிடோமைடு சாப்பிட்ட தன் நோயாளிகள் நான்கு பேருக்குக் கைகால் மரத்துப் போவதைச் சொல்லி, இதற்கு மருந்து காரணமா என்று கேட்டார். அவரிடம் புள்ளிவிவரம் இல்லை. நான்கு பேர் வந்து “மரத்துப் போகுது” என்று சொன்னதை ‘ஒண்ணுமில்ல’ என்று தள்ளாமல் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஃபிரான்சஸ் கெல்சி படித்தார். அவரும் மருந்தியல் கற்பித்தவர்தான். கம்பெனி எவ்வளவு நெருக்கியும், கூடுதல் சான்று கேட்டு அனுமதியை நிறுத்தி வைத்தார். அமெரிக்காவில் அந்த மருந்து விற்பனைக்கு வராமல் போனதற்கு, பெயர் தெரியாத நான்கு பேர் தங்கள் டாக்டரிடம் சொன்ன வார்த்தைகளுக்கும் பங்கு உண்டு.

3

தாலிடோமைடின் அதிர்ச்சி அடங்குவதற்குள், 1962இல், ஹெர்க்ஸ்ஹைமர் ‘ட்ரக் அண்ட் தெரப்யூடிக்ஸ் புல்லட்டின்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1992 வரை, முப்பது ஆண்டுகள், அவரே ஆசிரியர். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதன் உருவம் சுவாரசியமானது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நான்கு பக்கம். விளம்பரம் கிடையாது. கட்டுரைகளில் எழுதினவர் பெயர் கிடையாது. வெளியிட்டது மருத்துவர் சங்கமோ பல்கலைக்கழகமோ இல்லை. வாஷிங் மெஷினையும் கெட்டிலையும் சோதித்துப் பார்த்து ‘விச்?’ பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த கன்ஸ்யூமர்ஸ் அசோசியேஷன் என்கிற நுகர்வோர் சங்கம். அமெரிக்காவில் 1959இல் வந்த ‘மெடிக்கல் லெட்டர்’ இதற்கு முன்மாதிரி.

ஒரு மருந்தைப் பற்றி முதல் வரைவு எழுதியதும் அதைப் பல நிபுணர்களுக்கும், பொது மருத்துவர்களுக்கும், மருந்தைத் தயாரித்த கம்பெனிக்கும்கூட அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். வருகிற எல்லா ஆட்சேபங்களையும் எடைபோட்டுத் திருத்தி எழுதுவார்கள். கடைசியில் வரும் முடிவு ஒரு பெரிய மனிதரின் கருத்தாக இருக்காது, எனவேதான் கையெழுத்தும் இல்லை. ‘பேராசிரியர் சொன்னார்’ என்பதுதான் மருத்துவத்தில் அதுவரை பிரமாணம். பேராசிரியர் பதவியின் அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சான்று எங்கே என்று மட்டும் கேட்டது இந்த நான்கு பக்கம். புது மருந்து என்பதாலேயே நல்ல மருந்து ஆகிவிடுமா? பழைய மருந்தைவிட இது எந்த வகையில் மேல்? விலை என்ன? நீண்ட காலம் பிரிட்டிஷ் அரசே பிரதிகளை வாங்கி இங்கிலாந்தின் டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது; 2006இல் அது நின்றது.

இதே காலத்தில் இலங்கையில் இன்னொரு மருந்தியல் ஆசிரியர் இதே கேள்வியை வேறு முனையிலிருந்து பிடித்தார். சேனக பிபிலே (1920–1977), இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர், லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். டாக்டர்களுக்குச் சான்றைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, மருந்தை வாங்குகிற பை யாருடையது என்பதையும் மாற்ற வேண்டும் என்று கண்டார். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். தேவையில்லாத மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்குவது, கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப் பெயரைப் பயன்படுத்துவது, நாட்டுக்கு வேண்டியதை மொத்தமாக அரசே டெண்டர் விட்டு வாங்குவது. பன்னாட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1977இல், ஐ.நா. பணிக்காகப் போயிருந்த கயானாவில் அவர் இறந்தார். அவர் வகுத்த மாதிரி மூன்றாம் உலக நாடுகளின் மருந்துக் கொள்கைப் போராட்டங்களில் தொடர்ந்து பேசப்பட்டது. 1981இல் ஜெனிவாவில், பல நாட்டு இயக்கங்கள் கூடி ‘ஹெல்த் ஆக்ஷன் இன்டர்நேஷனல்’ அமைப்பை உருவாக்கியபோது, அதில் முன்னின்றவர்களில் ஹெர்க்ஸ்ஹைமரும் ஒருவர். 1986இல் கம்பெனிப் பணம் வாங்காத மருந்துப் பத்திரிகைகளின் சர்வதேசச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பிபிலே அரசின் கையை நம்பினார். ஹெர்க்ஸ்ஹைமர் அரசுக்கும் சந்தைக்கும் வெளியே நிற்கிற ஒரு அச்சுத்தாளை நம்பினார். எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும். மருந்து பற்றிய அறிவை விற்பவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கி யாரிடம் கொடுத்தார்கள்? டாக்டரிடம். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தார்.

4

அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஹெர்க்ஸ்ஹைமருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வாழ்நாளெல்லாம் மருந்தும் சான்றும் என்று இருந்தவருக்கு, இதைச் செய்துகொண்ட இன்னொருவரிடம் பேசினால் தேவலை என்று தோன்றியது. ஆக்ஸ்ஃபோர்டில் பொது மருத்துவராக இருந்த ஆன் மெக்ஃபர்சனுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அவருக்கும் அதே தேவை. மருத்துவ நூலகமே கைக்குள் இருந்தும், “உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்க ஆள் இல்லை. இரண்டு டாக்டர்கள் நோயாளி ஆன பிறகுதான் அறிவில் இருந்த இந்த ஓட்டை அவர்கள் கண்ணில் பட்டது என்பதை நாம் கேலியாகவும் சொல்லலாம், நேர்மையாகவும் சொல்லலாம்.

அதிலிருந்து பிறந்தது டிபெக்ஸ், அதாவது தனிமனித நோய் அனுபவங்களின் தொகுப்பு. 2000இல் லான்செட் இதழில் திட்டத்தை எழுதினார்கள். 2001இல் இணையத்தில் திறந்தார்கள். முதலில் இரத்த அழுத்தமும் புராஸ்டேட் புற்றுநோயும். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள். பின்னாளில் ‘ஹெல்த்டாக்’ என்று பெயர் மாறியது. ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளிலும் இதன் வழியில் தொகுப்புகள் வந்தன.

இங்கே முறையியல் முக்கியம். ஒவ்வொரு நோய்க்கும் 35 முதல் 50 பேர் வரை. கிடைத்த ஆளைப் பிடித்துப் பேட்டி எடுப்பதில்லை. வயது, பாலினம், இனம், வர்க்கம், ஊர், சிகிச்சை எடுத்தவர், மறுத்தவர், குணமானவர், ஆகாதவர் என்று முடிந்தவரை வேறுபட்டவர்களைத் தேடிப் போவார்கள். பெரும்பாலும் பேட்டி அவரவர் வீட்டிலேயே. முதலில் குறுக்கிடாமல் கதையைச் சொல்ல விடுவார்கள். வீடியோவா, குரல் மட்டுமா, எழுத்து மட்டுமா என்பதைப் பேசியவர் தீர்மானிப்பார். எழுதி எடுத்ததைப் படித்துப் பார்த்து வேண்டாததை நீக்கிவிடும் உரிமையும் அவருக்கு உண்டு. அதற்கப்புறம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பகுத்து, மருத்துவத் தகவல்களோடு சேர்த்து, யாரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்தார்கள். நோயாளிகள் பார்த்தார்கள், டாக்டர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் அது பாடமானது.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இங்கே புருவத்தை உயர்த்துவார்கள். உயர்த்தவும் வேண்டும். நோயாளியின் பேச்சிலிருந்து உறுப்பின் மீதான பார்வைக்கு மருத்துவம் எப்படி நகர்ந்தது என்று ‘கிளினிக்கின் பிறப்பு’ (1963) காட்டியது. சரி, அப்படியானால் இப்போது பேச்சு திரும்பி வந்துவிட்டதா? அல்லது உடலை முழுசாகப் பார்த்து முடித்த அதிகாரம், மிச்சமிருக்கிற அனுபவத்தையும் பேச வைத்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறதா? பாவமன்னிப்புக் கூண்டில் பேசுகிறவனை விடக் கேட்கிறவனுக்குத்தான் அதிகாரம். இந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்த்துவிட முடியாது. ஆனால் பாவமன்னிப்பில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. இங்கே முடியும். அங்கே கேட்பவர் ஒரே ஒருவர், அவரும் மேலே இருப்பவர். இங்கே கேட்பவர் அதே நோயோடு நடுராத்திரியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிற இன்னொருவர். இந்த இரண்டு வித்தியாசமும் சின்னவை இல்லை.

5

அனுபவத்தைக் கேட்டால் ஆறுதல் கிடைக்கும் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கேட்பதனால் புதிய மருந்தியல் அறிவே கிடைக்கும் என்பதுதான் அடுத்த கட்டம்.

தாலிடோமைடுக்குப் பிறகு பிரிட்டனில் 1964இல் ‘மஞ்சள் அட்டை’ வந்தது. மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் டாக்டர் அந்த அட்டையை நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும். ஆமாம், டாக்டர்தான். பாதிக்கப்பட்டவர் அனுப்ப முடியாது. நாற்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது.

2002 அக்டோபரில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, மனச்சோர்வுக்குத் தரப்படும் செரோக்சாட் என்ற மாத்திரையைப் பற்றி ஒளிபரப்பானது. பராக்சடீன் என்பது மருந்தின் பொதுப் பெயர். நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன; 1,374 மின்னஞ்சல்கள் வந்தன. சார்ல்ஸ் மெடவாரும் ஹெர்க்ஸ்ஹைமரும் இன்னும் சிலரும் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்கள். மாத்திரையை நிறுத்தப் பார்த்தவர்கள், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல என்று தனித்தனியாக, ஒருவரையொருவர் அறியாமல், ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மருந்தின் அளவை மாற்றும்போது தங்களுக்குள் எழுந்த ஆவேசத்தையும் தற்கொலை எண்ணத்தையும் எழுதியிருந்தார்கள். பிறகு டாக்டர்கள் அனுப்பிய மஞ்சள் அட்டைகளோடு இவற்றை ஒப்பிட்டார்கள். அட்டைகளில் இருந்தது சுருங்கிய, குறியீடாக்கப்பட்ட மொழி. தலைக்குள் கரண்ட் அடிப்பது ‘உணர்வுக் கோளாறு’ என்ற பொதுக் கலைச்சொல்லுக்குள் போய் விழுந்துவிட்டால், அது மருந்தை நிறுத்தும்போது மட்டும் வருகிறது என்பதும், எவ்வளவு பயங்கரமானது என்பதும் அதோடு காணாமல் போகும். கலைச்சொல் துல்லியமானது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இங்கே துல்லியமாக இருந்தது பேச்சுமொழி.

2005இல் பிரிட்டனில் நோயாளிகளே நேரடியாக மஞ்சள் அட்டை அனுப்ப வழி திறந்தது. இதற்கு ஒருவர் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பல இயக்கங்கள் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அதே செரோக்சாட்டைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்குத் தரக்கூடாது என்று 2003 ஜூனில் பிரிட்டன் அறிவித்தது. அது கம்பெனியின் சொந்த ஆய்வு விவரங்கள் வெளியே வந்ததால் நடந்தது. 2012இல் அமெரிக்காவில், இதையும் உள்ளிட்ட வழக்குகளில், கிளாக்சோஸ்மித்க்ளைன் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

6

இதையெல்லாம் வைத்து, ‘விஞ்ஞானம் ஒரு பெருங்கதையாடல், நோயாளியின் சிறுகதையாடலே உண்மை’ என்று முடித்துவிட நமக்குக் கை அரிக்கும். தத்துவ வாசிப்பு உள்ளவர்களுக்கு இந்த அரிப்பு கொஞ்சம் அதிகம். ஹெர்க்ஸ்ஹைமரின் பாதை அதற்கு இடம் கொடுக்காது. நோயாளிகளின் குரலைத் தொகுத்த அதே ஆள், மருத்துவப் பரிசோதனைகள் அனைத்தையும் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பிலும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்தார். மருந்தின் கெடுதல்களை எப்படி முறையாகத் திரட்டுவது என்பதற்கு அங்கே ஒரு குழுவை நடத்தினார். ஒரு மருந்து பலன் தருகிறதா என்று அறியப் பல நூறு பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். “எனக்குக் கேட்டுச்சு” என்ற ஒருவரின் சொல் அதற்குப் போதாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று அந்தப் பரிசோதனைக்கு யார் சொல்வது? கேள்வியில் இல்லாதது விடையில் வராது. மரத்துப் போன கால்களைப் பற்றி யாரோ முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அனுபவம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, சாட்சிக் கூண்டில் ஏறினால் போதும். சாட்சியைக் கூண்டிலேயே ஏற்றாத நீதிமன்றம்தான் பிரச்சினை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்று வாட்ஸப்பில் அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. ‘என் மாமாவுக்குச் சர்க்கரை போயே போச்சு’ என்று நாளுக்குப் பத்து வருகிறது. மருந்துக் கம்பெனிகளும் நோயாளி அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, நோயாளியின் வாயாலேயே மருந்தை விற்கக் கற்றுக்கொண்டுவிட்டன. எனவே ‘குரல்’ என்ற சொல்லைக் கேட்டதும் உருகிவிடக்கூடாது. யார் கேட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள், எந்த மாதிரி ஆட்கள் விடுபட்டார்கள், பேசியவருக்குச் சொல்லைத் திரும்ப எடுக்கும் உரிமை இருந்ததா என்று கேட்க வேண்டும். 1962இல் அந்த நான்கு பக்கப் பத்திரிகை மருந்து விளம்பரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகளின் தொடர்ச்சிதான் இவை. முப்பது ஆண்டு பத்திரிகை நடத்திய ஒழுங்கு இல்லாமல் அந்த இணையத் தொகுப்பு இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் 2010இல் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து, மருந்து சாப்பிட்டவரே நிரப்பி அனுப்பும் படிவமும் வந்தது. தமிழிலும் உண்டு. என்ன மருந்து, எப்போது தொடங்கினீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்கிற படிவம். இதைப் படிக்கிற நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? அறிவொளிக் காலத்தில் கிராமம் கிராமமாகப் போன அனுபவம் நம் தோழர்களுக்கு இருக்கிறது. மருந்துக்கடை வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையிலும் உட்கார்ந்து, “மாத்திரை போட்டப்புறம் என்ன ஆச்சும்மா?” என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையை நம் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுதுவதற்குப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம். கிறுகிறுங்குது என்றால் கிறுகிறுங்குது என்றே எழுத வேண்டும். தலைசுற்றல் என்று திருத்திவிட்டால், அவர் சொன்னது வேறு ஏதோவாக இருந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க நமக்கு இன்னொரு வழி இல்லை.